சருகுப்பாடிக்கு வைத்த புள்ளி

என் அத்தானின் வேலை புள்ளி வைப்பது. முப்பத்தாறு வருடம் வேறு எதுவும் செய்யவில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது அப்பா கேட்டார்:

"மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல என்ன வேலைங்க?"

"வரைபடத்துல புள்ளி வைக்கிறேங்க."

"சரி, வெச்சதுக்கப்புறம்?"

"அடுத்த புள்ளி வைப்பேங்க."

அடுப்படியில் அம்மாவுக்குப் புரையேறியது. ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வேலையைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன், இவரைக் கட்டிக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாளாம். எனக்குப் பதினைந்து வயது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இவர் தலையில் தாராளமாக மிளகாய் அரைக்கலாம் என்று சொல்லியிருப்பேன். வாழ்நாள் முழுக்க அரைத்தேன். ஒருநாளும் எரிகிறது என்று அவர் சொன்னதில்லை.

அவர் வேலை பார்த்தது அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடி. கீழ் மாடிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மிருகங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பல்லைக் காட்டும். மூன்றாம் மாடிக்கு வெளியாள் வர முடியாது. அங்கே அறுபது அலமாரி, அலமாரிக்கு இருபது இழுப்பறை, இழுப்பறை நிறையப் பறவைத் தோல்கள். வயிற்றில் பஞ்சு அடைத்து, கண்ணிருந்த குழியிலும் பஞ்சு வைத்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். காலில் ஒரு சீட்டு தொங்கும்: எந்தக் காடு, எந்தத் தேதி, ஆணா பெண்ணா, பிடித்தவர் யார். அந்துருண்டை வாசனை படிக்கட்டிலேயே ஆளை வழிமறிக்கும். அந்த மாடியில் நாற்பது வருடமாக ஒருவருக்கும் ஜலதோஷம் பிடித்ததில்லை. கிருமி ஏறி வந்தாலும் மூன்றாவது படியிலேயே செத்து விழுந்துவிடும். பிற்பாடு நானும் அங்கேயே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்கப் பேருந்தில் எனக்கு இரண்டு இருக்கை; பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து போனார்கள்.

சீட்டில் எழுதியிருக்கும் காட்டை வரைபடத்தில் தேடிப்பிடித்து அந்த இடத்தில் கறுப்பு மையால் ஒரு புள்ளி. அதுதான் அத்தானின் உத்தியோகம். ஒரு தோல், ஓர் இடம், ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பறவையின் குடியிருப்பு தெரிந்துவிடும். மழைக்காட்டுப் பறவைகளுக்கு இது ரொம்ப முக்கியம். காக்கையைப் போல அவை ஊர் ஊராகத் திரிவதில்லை. இந்த ஆற்றைத் தாண்ட மாட்டேன், அந்த மேட்டில் ஏற மாட்டேன், நிழல் இல்லாத இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று புகுந்த வீட்டுக்கு வந்த பணக்காரப் பெண் மாதிரி ஆயிரம் பிடிவாதம் பிடிக்கும்.

வடக்குப் பக்க ஜன்னலை ஒட்டி அவர் மேஜை. பேனா முள்ளைத் தோய்த்து, முதலில் கட்டைவிரல் நகத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பார். திருப்தியானால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார். அந்த நேரம் நான் தட்டச்சுப் பொறியில் கை வைக்க மாட்டேன். மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவோம். புள்ளி விழுந்ததும் அவர் விடும் பெருமூச்சில் என் மேஜைக் காகிதங்கள் பறக்கும். இன்றைக்கும் எங்காவது திடீரென்று விசிறி நின்றால், யாரோ புள்ளி வைக்கப் போகிறார்கள் என்று எனக்குக் கை தானாக நின்றுவிடுகிறது.

எங்கள் துறைத்தலைவருக்கு மூக்கு பெரிது. தட்டச்சுப் பெண்கள் நாங்கள் மூன்று பேரும் அவருக்குப் 'பெரியலகு' என்று பெயர் வைத்திருந்தோம். மழைக்காட்டுப் பறவைகள் எல்லாவற்றையும் வகைபிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் போட்டு, பெரிய புத்தகம் கொண்டுவருவது அவருடைய வாழ்நாள் ஆசை. அதில் நாற்பத்தோராம் வரைபடம் சருகுப்பாடி.

சருகுப்பாடி உள்ளங்கை நீளமே இருக்கும் பழுப்புப் பறவை. தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். தொண்டையில் மட்டும் ஒரு வண்ணத் திட்டு. பெரிய ஆற்றுக்கு மேற்கே உள்ளவற்றுக்குத் திட்டு சிவப்பு. கிழக்கே மலைத்தொடரை ஒட்டி உள்ளவற்றுக்கு மஞ்சள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் கிடையாது. இது இரண்டு நிறம் கொண்ட ஒரே இனமா, இல்லை இரண்டு தனி இனமா என்பதுதான் வழக்கு. பெரியலகு எங்களுக்கு எளிதாகச் சொல்லித் தருவார்:

"நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாதும்மா. சந்திக்கிற இடத்துல கலந்து குடும்பம் நடத்துதா? அப்ப ஒண்ணு. சந்திக்கவே இல்லையா? அப்ப ரெண்டுன்னு சொல்ல இடம் இருக்கு."

சந்திக்கின்றனவா இல்லையா என்று எப்படித் தெரியும்? வரைபடத்தைப் பார்த்துத்தான். இங்கேதான் அத்தான் வந்து மாட்டிக்கொண்டார்.

பழைய சருகுப்பாடி வரைபடம் அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் போட்டது. தேநீர் மேஜைக்கு மேலே சுவரில் இருபது வருடமாகத் தொங்கியது. சர்க்கரை டப்பாவுக்கு வந்த ஈக்கள் எல்லாம் வரைபடத்தில் உட்கார்ந்து இளைப்பாறி, போகும்போது தங்கள் ஞாபகார்த்தமாக ஆளுக்கொரு புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தன. கடலில்கூடச் சருகுப்பாடி இருப்பதாகக் காட்டியது. அதைப் புத்தகத்துக்காகப் புதிதாகப் படியெடுக்க வேண்டும். அதற்குமுன் ஈயின் புள்ளி எது, மனிதன் வைத்த புள்ளி எது என்று பிரிக்க வேண்டும்.

அத்தான் அதற்கு ஒரு பரீட்சை வைத்திருந்தார். வரைபட மை தண்ணீரில் கரையாது. ஈ எச்சம் கரையும். ஈரப் பஞ்சை நுனியில் சுற்றிய குச்சியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். கரைந்தால் ஈ, நின்றால் பறவை. ஒரு வாரம் உட்கார்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு ஈக்களைத் துடைத்தெடுத்தார். எண்ணிக் குறித்தும் வைத்தார். "கல்யாணத்துக்கு வந்தவங்களைக்கூட இவர் இப்படி எண்ணலை" என்றாள் அக்கா.

வரைபடம் சுத்தமாயிற்று. மேற்கே சிவப்புத் தொண்டைகள், கிழக்கே மஞ்சள் தொண்டைகள், நடுவே எண்பது மைல் வெறும் வெள்ளை. பெரியலகு அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். மூக்கு சிவந்தது. "ரெண்டு இனம்!" என்றார். மேற்கில் உள்ளதற்குப் பழைய பெயரே இருக்கட்டும் என்றும், மஞ்சள் தொண்டைக்குப் புதுப்பெயர் வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வருடம் மழைக்கு அலமாரியில் பூச்சி இறங்கி நாற்பது தோல்களை அரித்துவிட்டிருந்தது. தலைவேறு வால்வேறாகக் கிடந்தவற்றைக் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டுச் சேர்த்துக் கொடுத்தவள் எங்கள் அக்கா. பெரியலகு அந்த நன்றியை மறக்கவில்லை. அக்காவின் பெயரை எடுத்து, பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டி, மஞ்சள் தொண்டைச் சருகுப்பாடிக்குச் சூட்டிவிட்டார். உலகத்தில் எந்த நாட்டுக்காரன் அந்தப் பறவையைப் பற்றி எழுதினாலும் அக்காவின் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அதற்கப்புறம் அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தையல் பள்ளியில் அவள் சொல்லிக்கொடுத்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த வால்போட்ட பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரியும். பால்காரரிடம் சொன்னாள். பேருந்து நடத்துனரிடம் சொன்னாள். பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பல் டாக்டரிடமும் சொன்னாள்; அவர் என்ன புரிந்துகொண்டாரோ, இன்னொரு பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார். அத்தானுடன் சண்டை வந்தால், "பறவைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இந்த வீட்டுல இல்ல!" என்பாள். "அந்தப் பறவையே நீதானே" என்பார் அவர். சண்டை அதோடு முடிந்துவிடும். இரண்டே அறை வீடு. வெகுதூரம் போய்க் கோபித்துக்கொள்ளவும் இடம் கிடையாது.

இப்படிப் பதினொரு வருடம் ஓடியது. பெரியலகின் புத்தகம் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. அப்போது கடல் தாண்டி ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. என்றைக்கோ இரவல் வாங்கிய தோல்களை, மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடிதத்தை நான்தான் கோப்பில் சேர்த்தேன். பெட்டியை அத்தான் பிரித்தார். பத்து நிமிடமாகச் சத்தமே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். ஒரு சருகுப்பாடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதன் தொண்டை சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஆரஞ்சு.

காலில் தொங்கிய சீட்டைப் பார்த்தோம். அந்த எண்பது மைல் வெள்ளைக்கு நட்டநடுவே உள்ள ஒரு காட்டின் பெயர். எழுத்து, பழைய வரைபடக்காரருடையது. மை, நீலம்.

அத்தான் பழைய பதிவேட்டை இறக்கினார். அந்தத் தேதிக்குரிய பக்கம் முழுக்க நீல மை. ஓரத்தில் பழைய வரைபடக்காரர் புலம்பியிருந்தார்: 'கறுப்பு மை தீர்ந்து மூன்று வாரம். கேட்டு மூன்று கடிதம் போட்டாகிவிட்டது. சொந்தப் பேனாவில் எழுதுகிறேன்.'

சொந்தப் பேனாவின் எழுதுமை தண்ணீர் பட்டால் கரையும்.

"அறுநூத்திப் பதினொண்ணுதான் ஈ," என்றார் அத்தான். "ஒண்ணு பறவை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் புள்ளியை அவர் வைக்காமலே விட்டிருக்கலாமே?"

"வெச்சிருந்தார். துடைச்சப்ப பஞ்சுல லேசா நீலம் ஒட்டுச்சு. ஈ மைக்கூட்டுல விழுந்து எழுந்து வந்திருக்கும்னு நினைச்சேன். நினைச்சு சிரிச்சேன் வேற."

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் யோசனை அவ்வளவு யோக்கியமானது இல்லை. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "அத்தான், வெயில்ல வெளுத்துப்போன சிவப்புன்னு சொல்லி இழுப்பறையில போட்டு மூடுங்க. யார் கேக்கப் போறாங்க? அக்கா பேரு போயிடும் அத்தான். வீட்டுல உங்களுக்குச் சாப்பாடு கிடைக்காது, எனக்கு அங்க வாசப்படியே கிடைக்காது" என்றேன்.

"ஆரஞ்சு எப்படி வரும் சொல்லு? சிவப்பும் மஞ்சளும் ஒரு வீட்டுல இருந்தாத்தானே?"

"அது அதுங்க வீட்டு விஷயம்."

"நம்ம வேலையே அதுங்க வீட்டு விஷயம்தானே," என்றார்.

அவர் முகம் வெளுத்திருந்தது. நடுவில் கலப்பு இருந்தால் இரண்டும் ஒரே இனம். ஒரே இனமென்றால் முதலில் வைத்த பழைய பெயர்தான் நிற்கும். அக்காவின் பெயர் கழன்று விழும். அதைக் கழற்றுவதும் அவர் கைதான்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். கலவரம் நடந்தால் நேரில் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். அக்கா ஒரு குடைத்துணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் ஈயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்தவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அதாவது, நீங்க ஒரு பறவையை ஈன்னு நினைச்சுத் துடைச்சீங்க. அதனால எனக்குப் பேர் வந்தது."

"ஆமா."

"இப்ப அது ஈ இல்லன்னு தெரிஞ்சதனால என் பேர் போகப் போகுது."

"போகலாம். இன்னும் முடிவாகலை."

"பதினோரு வருஷமா ஒரு ஈ எச்சத்து மேலயா நான் இவ்வளவு ஆட்டம் போட்டிருக்கேன்?"

நான் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டேன். "நீ வாயை மூடுடி! இவர் சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்தானே? முழிக்கிற முழியைப் பாரு" என்று என் மேல் பாய்ந்தாள். அப்புறம் அத்தானிடம் திரும்பினாள். "உங்க பெரியவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

அக்கா குடையை எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அன்று அந்த ஒட்டுக்கு மட்டும் நூல் கோணிக்கொண்டு போனதைப் பார்த்தேன். "நாளைக்குப் போய்ச் சொல்லுங்க" என்றாள். "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

மறுநாள் பெரியலகு கத்துவார் என்று எதிர்பார்த்து, நான் கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. தோலை வாங்கி அலகு, இறக்கை, வால் எல்லாவற்றையும் அளந்தார். மறுபடியும் அளந்தார். பாவம், அவருக்கும் அதுதான் ஒரே புது இனம். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். ஒரு வாரம் கழித்து அத்தானைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு தோல். பிறவியிலேயே நிறம் மாறின ஒத்தைப் பறவையா இருக்கலாம். அதை வெச்சு ரெண்டு இனத்தை ஒண்ணாக்க முடியாது. நேர்ல போய்ப் பார்த்துடுவோம். அங்க சருகுப்பாடியே இல்லைன்னா நம்ம பேர் நிக்கும்."

அந்தத் தோலைப் பிடித்த நாளுக்குப் பிறகு அந்தக் காட்டுக்கு யாரும் போய்ப் பார்த்ததில்லை. வரைபடம் வெள்ளையாக இருந்ததால் போகவில்லை. போகாததால் வரைபடம் வெள்ளையாக இருந்தது.

விஷயம் தெரிந்ததும் அக்கா பள்ளிக்கு விடுப்பு எழுதிப் போட்டாள். "விசாரணை யார் பேருக்கு? என் பேருக்கு. நான் இல்லாம எப்படி விசாரிப்பீங்க?" என்றாள். அவளுக்குத் துணை என்று நான் ஒட்டிக்கொண்டேன். குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்று பெரியலகிடம் நானே ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்து, நானே அவர் கையெழுத்துக்கு வைத்தேன்.

ஜீப்பில் ஒன்றரை நாள் பயணம். வனத்துறை விடுதியின் கூரை ஓட்டை வழியாக மழை எங்களுக்கு முன்னாலேயே வந்து தங்கியிருந்தது. அந்த மழையைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. துவைத்துக் காயப்போட்ட துணி, போட்டபோது இருந்ததைவிட அதிகமாக நனைந்திருக்கும். அட்டைகள் வாசலில் வரிசையில் நிற்கும். என் ஷூவின் நாடா அவிழ்ந்திருக்கிறதே என்று குனிந்து முடிச்சுப் போட்டேன். முடிச்சு தானாக அவிழ்ந்து ஏறி நடந்தது. ஆனாலும் விடியற்காலையில் அந்தக் காடு விழிக்கிற சத்தம் இருக்கிறதே, நாற்பது வருடம் ஆகியும் என் காதை விட்டு அது போகவில்லை. எங்கள் இழுப்பறைகளில் வாயடைத்துப் படுத்திருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

இரண்டு நாள் எல்லோரும் சேர்ந்து தேடினோம். சருகுப்பாடியின் குரல் கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆண்கள் இருவரும் ஓடையோரமாகப் போனார்கள். நானும் அக்காவும் விடுதிக்குக் கொஞ்ச தூரத்தில், விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தோம். நான் அட்டைகளைப் பிடுங்கி எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பத்தடி தூரத்தில் ஒரு மட்கிய அடிமரம். அதன் பொந்தில் சருகுக் குவியல் மாதிரி ஒன்று. குவியலுக்கு ஒரு வாசல். வாசலில் மூன்று திறந்த வாய்.

சருகு அசைந்தது. வாயில் புழுவுடன் பழுப்புப் பறவை ஒன்று குதித்துக் குதித்து வந்தது. தொண்டை பளீரென்று சிவப்பு. ஊட்டிவிட்டுப் போயிற்று. நான் மூச்சுவிடுவதற்குள் இன்னொன்று வந்தது. அதே வாசல், அதே மூன்று வாய். இதன் தொண்டை மஞ்சள்.

அக்கா தன் பெயர் சூட்டிய பறவையை உயிரோடு பார்த்தது அன்றைக்குத்தான்.

"அக்கா," என்றேன் காதோடு. "நாம ரெண்டு பேரும் இங்க தூங்கிட்டோம். ஒண்ணையும் பார்க்கலை. சரியா?"

"நீ தூங்கு. உன் நோட்டைக் குடுத்துட்டுத் தூங்கு."

வாங்கிக்கொண்டு பென்சிலால் குறிக்க ஆரம்பித்தாள். சிவப்பு வந்தால் ஒரு பக்கம், மஞ்சள் வந்தால் மறு பக்கம். ஒரு மணி நேரம் இருவரும் கல்லாக உட்கார்ந்திருந்தோம். சிவப்பு பதினொன்று, மஞ்சள் ஒன்பது. "அம்மாவா அப்பாவா தெரியலை, மஞ்சள் கொஞ்சம் சோம்பேறி" என்றாள். "பேர் பொருத்தம்தான்" என்றேன். தொடையில் கிள்ளினாள். கத்தவும் முடியவில்லை.

மத்தியானம் ஆண்கள் திரும்பினார்கள். அவர்களைக் கண்டதும் அக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பெரியலகு இடுப்புவரை சேறு. ஆனால் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"ஓடை முழுக்கப் பார்த்தாச்சும்மா. ஒத்தைச் சருகுப்பாடி கிடையாது. உங்க பேருக்கு ஆபத்தில்லை. சாயங்காலமே கிளம்பிடலாம்!"

அத்தான் அவருக்குப் பின்னால் நின்றார். இரண்டு மாதமாக இறுகிக் கிடந்த அவர் தோள்கள் தளர்ந்திருந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, தேட வேண்டியதைத் தேடியாயிற்று, மனைவியின் பெயரும் தப்பித்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணத்தன்று பார்த்தது.

அக்கா அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் மடியில் இருந்த நோட்டை விரித்தாள்.

"என்னங்க, சத்தம் போடாம இப்படி வந்து என் பக்கத்துல உக்காருங்க. அந்த அடிமரத்தையே பாருங்க. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வருவாங்க."

அத்தான் உட்கார்ந்தார். பெரியலகு சேற்றிலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். சிவப்பு வந்தது. மஞ்சள் வந்தது. ஒரு அட்டை பெரியலகின் மூக்கைக் கண்டுபிடித்து, கிடைத்த இடம் விசாலமாக இருக்கவே நிதானமாக வேரூன்றியது. அவர் தட்டிவிடவில்லை. நான்காம் முறை மஞ்சள் வந்து போன பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"ஒண்ணுதாம்மா," என்றார்.

"தெரியுதுங்க," என்றாள் அக்கா. "முதல்ல மூக்கைத் துடைங்க."

அத்தான் கீழே குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் மெதுவாக.

"நீங்க என்கிட்ட வந்து சொல்லிட்டு நின்னீங்களே அந்த ஞாயித்துக்கிழமை, அப்ப நானும் இதையேதான் நினைச்சேன்."

அப்புறம் அந்தக் காட்டில் ஒன்பது இடங்களில் சருகுப்பாடி பார்த்தோம். மேற்கே போகப் போகச் சிவப்பு ஏறியது. கிழக்கே போகப் போக மஞ்சள் ஏறியது. இடையில் ஆரஞ்சின் அத்தனை பதமும் இருந்தது. பெரியலகு தான் வைத்த பெயரைத் தானே தள்ளுபடி செய்து கட்டுரை எழுதினார். தட்டச்சு செய்தவள் நான். நடுவில் இரண்டு இடத்தில் எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணில் ஏதோ தூசி.

ஒரு தடவை அச்சேறிய பறவைப் பெயரை யாராலும் முழுதாக அழிக்க முடியாது. சரியான பெயருக்கு அடியில், நிராகரித்த பெயர்கள் என்று பொடி எழுத்தில் காலகாலத்துக்கும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அத்தான் அதை ஆறுதலாகச் சொன்னார். "வீட்டை எடுத்துக்கிட்டாலும் தெருவுல விடாம, வாசல்ல ஒரு முக்காலி போட்டுக் குடுத்துட்டாங்க" என்றாள் அக்கா. பால்காரரிடம் அவளே போய்ச் சொன்னாள். பல் டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. போனால் மிச்சப் பல்லும் போய்விடும் என்ற பயம்.

நாற்பத்தோராம் வரைபடத்தை முடிக்கிற நாளில் அக்காவை அத்தான் மூன்றாம் மாடிக்கு அழைத்து வந்தார். வெள்ளையாக இருந்த இடத்தில் எட்டுப் புள்ளி வைத்திருந்தார். ஒன்பதாவது, அந்த அடிமரத்துக்குரியது, மிச்சம் இருந்தது. அதுவரை பெரியலகுக்கே அவர் தொடக் கொடுக்காத பேனாவை எடுத்து, மையில் தோய்த்து, அவள் கையில் கொடுத்தார்.

நாங்கள் விசிறியை நிறுத்தினோம். அக்கா மூச்சைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தெரியாது. "இங்கயா? இன்னும் கொஞ்சம் மேலயா? இருங்க, அவசரப்படுத்தாதீங்க" என்று பேசிக்கொண்டே வைத்தாள். புள்ளி மற்றதைப்போல இரண்டு மடங்கு விழுந்தது. அத்தானிடம் சுரண்டும் பிளேடு இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மை காயும்வரை கையால் விசிறிக்கொண்டு நின்றார்.

புத்தகம் வெளியாகி ஒரு வருடத்துக்குள் ஏழு நாட்டிலிருந்து கடிதம் வந்தது. பதினேழு என்றுதான் நான் வழக்கமாகச் சொல்வேன். எல்லோருக்கும் ஒரே சந்தேகம். நாற்பத்தோராம் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் ஏன் பெரிது? அங்கே பறவை அதிகமா? அச்சுப்பிழையா?

பதில் தட்டச்சு செய்யக் காகிதத்தைச் சொருகிக்கொண்டு கேட்டேன். "பிழைன்னு போட்டுடவா அத்தான்?"

"பிழைன்னு போடாத," என்றார் தலை நிமிராமல். "மத்த புள்ளியெல்லாம் சீட்டைப் பார்த்து நான் வெச்சது, அந்த ஒண்ணு மட்டும் பறவையைப் பார்த்தவங்க வெச்சதுன்னு எழுது."

அப்படியே ஏழு பேருக்கும் எழுதினேன்.